லீற்றருக்குப் பதினாலு

கார் வைத்திருப்பவரிடம், அது எவ்வளவு பெற்றோல் குடிக்கும் என்று கேட்கக் கூடாது. சம்பளத்தைக் கேட்டது மாதிரி ஆகிவிடும். ஏதோ ஒரு கணக்கைச் சொல்வார்கள், நாமும் தலையாட்டிவிட்டு வர வேண்டும். எங்கள் தெருவில் அந்தச் சங்கடமே இருக்கவில்லை. கார் வைத்திருந்த ஒரே ஆள் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டேன். சொந்தம் ஒன்றும் கிடையாது. மாத்தளையில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இறங்கிப்போகும் தெருவில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. நாங்கள் சைவம், அவர்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கர். அம்மாவை விட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் அம்மாவுக்கு அக்கா, எனக்குப் பெரியம்மா. அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்த எனக்கு, கூப்பிட ஒரு உறவு கூடுதலாகக் கிடைத்தது சந்தோஷமாகத்தான் இருந்தது.

காரை வாங்கியது அவருடைய கணவர். பெரிய தெருவில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிற கடை வைத்திருந்தார். மனுசனுக்கு வேகத்தில் பைத்தியம். கொழும்புக்குப் போய், ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பார்வைக்கு நாலு கதவு வைத்த சாதாரணக் குடும்பக் கார்தான். ஆனால் முன்மூடியில் மூக்குத் துவாரம் மாதிரி ஒரு ஓட்டை இருந்தது. பக்கவாட்டில் டர்போ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "புள்ளைகளையும் ஏத்தலாம், பந்தயத்துக்கும் விடலாம்" என்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பந்தயம்தான் விட்டார். தம்புள்ளை ரோட்டில் அவர் மிதித்த மிதியில் பஸ்காரர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள் என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கார் வந்த இரண்டாம் வருடம் அவர் செத்துப்போனார். காரில் இல்லை, கடையில், தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபடி. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு அவருடைய தம்பிமார் பேச்சை எடுத்தார்கள்.

"அண்ணி, இந்தக் காரை வித்துருவோம். அண்ணன் யானையக் கட்டிட்டுப் போயிட்டாரு. நீங்க எப்படித் தீனி போடுவீங்க?"

நானும் அம்மாவும் பாத்திரம் கழுவ உதவிக்கொண்டிருந்தோம். பெரியம்மா உள்ளே போய் ஒரு பளபளப்பான புத்தகத்தைக் கொண்டுவந்தார். காரோடு வந்த ஜப்பான்காரனின் விளம்பரப் புத்தகம். முழுவதும் அவன் எழுத்து. நடுப்பக்கத்தில் எல்லோருக்கும் படிக்க வந்தது ஒரேயொரு இலக்கம்தான், பதினாலு.

"யானையும் இல்ல பூனையும் இல்ல. லீற்றருக்குப் பதினாலு ஓடும். செஞ்சவனே எழுதியிருக்கான், பாருங்க."

தம்பிமார் புத்தகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். மறுத்துப் பேச யாருக்கும் ஜப்பான் பாஷை தெரியவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பெரியம்மா நாற்பது வயதுக்கு மேல் பள்ளிக்கூட மைதானத்தில் கார் ஓட்டப் பழகினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஓட்டுவார்.

எதையும் குறைத்துச் சொல்வது அவருடைய பிறவிக் குணம். கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டி, முழங்கை வரை தோல் உரிந்துபோய் நிற்பார். "லேசாச் சுட்டுருச்சு" என்பார். கடையைத் தனியாக நடத்தி, மூட்டையைத் தானே இழுத்துப்போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார். "கொஞ்சந்தான் வேலை" என்பார். புருஷனைப் பற்றிக் கேட்டால், "கொஞ்சம் முன்னாடி போயிட்டாரு" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சில நேரம் அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காது. அழுதாலாவது பக்கத்தில் போய் உட்காரலாம்.

இன்னொன்று, காரில் வெறும் சீட்டு இருந்தால் அவருக்குப் பொறுக்காது. பஸ் தரிப்பில் தெரிந்த முகம் ஒன்று நின்றால் போதும், பிரேக் போட்டுவிடுவார். "ஏறுங்க, ஏறுங்க. அது சும்மாதானே போகுது." தெருவில் யாருக்குப் பிரசவம், யாருக்குப் பரீட்சை, யாருக்குக் கண்டியில் பெண் பார்க்கிற விசேஷம், எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான் போனது. வாஹாகோட்டை அந்தோனியார் திருநாளுக்கு ஒருவர் மடியில் ஒருவராக ஏறிப் போனோம், சைவக்காரர்களான நாங்களும் சேர்த்து. காருக்குள் எப்போதும் கராம்பு வாசம். பெரியம்மா கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படுவார்.

இறங்கும்போது யாராவது பெற்றோலுக்கென்று கையை நீட்டினால், அவர் பதினாலால் வகுத்து ஒரு சின்னத் தொகையை வாங்கிக்கொள்வார். சில நேரம் அதுவும் வேண்டாம் என்பார். நாங்களும் மனச்சாட்சி சுத்தமாக இறங்கிப் போனோம்.

தெருமுனையில் சில்லறைக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவருக்குத்தான் சந்தேகம். அவரிடம் ஒரு பழைய வேன் இருந்தது.

"என்ட வேன் பத்து ஓடாது. டர்போ போட்ட சாமான் எப்பிடிப் பதினாலு ஓடும்?" என்று கடைக்கு வந்த எல்லோரிடமும் கேட்டார்.

அது பெரியம்மா காதுக்குப் போனது. ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையன்று நானாவையும், அம்மாவையும், என்னையும் ஏற்றிக்கொண்டு ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்குப் போனார். மேலே போய்ச் சேர்ந்ததும், டிக்கியில் கொண்டுவந்த கேனைத் திறந்து, டாங்க் வாய்வரை நிரம்ப ஊற்றினார். மூடுபனி. எனக்குக் குளிரில் பல் அடித்தது. "இப்ப அளந்து பாருங்க நானா" என்று சொல்லிக் காரைத் திருப்பினார். திருப்பி, எஞ்சினை நிறுத்திவிட்டு, கீழே உருளவிட்டார்.

மலைநாட்டில் லொறிக்காரன் முதல் ஓட்டோக்காரன் வரை எல்லோரும் செய்கிற வேலைதான் அது. இறக்கத்தில் எஞ்சின் எதற்கு என்பது எங்கள் பக்கத்துக் கெட்டிக்காரத்தனம். எஞ்சின் நின்றால் பிரேக் மிதி இறுகி, பிடிக்காமல் போகும் என்பது மூன்றாவது வளைவில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெரியம்மா இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றபடி, "அந்தோனியாரே, அந்தோனியாரே" என்றார். நானா பின்சீட்டில் கலிமா சொன்னார். அம்மா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தார். எப்படியோ மாத்தளைக்கு வந்து சேர்ந்து, பெற்றோல் செட்டில் மறுபடி நிரப்பினால், கொஞ்சமே பிடித்தது.

"பதினாலு என்ன, இருபதுக்கு மேல வருது!" என்றார் பெரியம்மா.

"இறக்கத்துல கல்லும்தான் ஓடும்" என்றார் நானா. முகம் இன்னும் வெளுத்திருந்தது.

தெரு நானாவைத்தான் கேலி செய்தது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அந்த மனுசன் சொன்னதுதான் சரி என்பது எங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். நான் அப்போது பெரிய தெருவில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்கு நின்றேன். பெரியம்மா பக்கத்துச் செட்டை விட்டுவிட்டு, நாவுல போகும் ரோட்டில் தூரத்துச் செட்டுக்கு நிரப்பப் போவதைக் கடை வாசலிலிருந்து வாரம் மூன்று தடவை பார்ப்பேன். அவர் வீட்டுக் கேட்டருகில் மீன்காரர் மணி அடிப்பதை நிறுத்தியிருந்தார். நத்தார் பண்டிகைக்கு அவர் புதுச்சேலை எடுத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நாங்கள் முட்டாள்கள் இல்லை. பதினாலை நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா மட்டும் உண்மையாகவே நம்பினார். அம்மாவுக்கு யாரிடமும் ஒன்றும் சும்மா வாங்கிப் பழக்கமில்லை. ஊராருக்குச் சட்டை தைத்து என்னை வளர்த்தவர். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கறி வந்தால், அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பிப் போகாது. "நாம ஏழைதான், ஆனா யாருக்கும் பாரமில்ல" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அதைச் சொல்லும்போது அவர் கழுத்து நிமிரும்.

எண்பதுகளின் கடைசியில் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. கண்டியில் வெட்டி எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் பாய்ச்சுவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும், பல வாரம், ஒரு நாளும் விடாமல் போக வேண்டும், இடையில் நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண் என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவுக்கோ பஸ்ஸில் நிற்கச் சத்தில்லை.

அன்று பின்னேரமே பெரியம்மா வந்துவிட்டார்.

"எனக்கும் கண்டியில கொஞ்சம் கடை வேலை இருக்கு புள்ள. தினம் போறதுதான். சும்மா போற கார்."

அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "அக்கா, போய் வர எத்தனை லீற்றர் போகும்? அதச் சொல்லுங்க மொதல்ல."

"நாலு கூடப் போகாது."

"அப்ப நாலு லீற்றர் என் கணக்கு. வேணான்னு சொன்னீங்கன்னா நான் வர மாட்டேன்."

"சரி, தா" என்றார் பெரியம்மா. மறுக்கவே இல்லை. அந்த நாலு லீற்றர்தான் அம்மாவை அந்தக் காரில் ஏற்றும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தினமும் காலையில் அம்மா அந்தப் பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து, கார் முன்தட்டில் வைத்துவிட்டுத்தான் சாய்ந்து உட்காருவார். நான் கடையில் அரைநாள் லீவு கேட்டுக் கூடப் போனேன். திரும்பும் வழியில் அம்மா வாந்தி எடுப்பார். பெரியம்மா ஓரமாக நிறுத்தி, முதுகைத் தடவிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, "லேசான பிரட்டல்தான், சரியாப் போயிரும்" என்பார்.

அது ஊர் கெட்டுக் கிடந்த வருடம். அரசாங்கத்துக்கு எதிராகத் தெற்கில் சிங்களப் பிள்ளைகள் கிளப்பிய குழப்பம் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்திருந்தது. கடையைத் திறக்காதே, பஸ்ஸை ஓட்டாதே என்று விடிந்தால் சுவரில் துண்டுத்தாள் ஒட்டியிருக்கும். பஸ்களை எரித்தார்கள். அதற்குப் பதிலாக அரசாங்கத்தின் ஆமி ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது. சிங்களப் பிள்ளைகள்தான் அதிகம் காணாமல் போனார்கள். ஆனால் ரோட்டில் நிறுத்தி அடையாள அட்டை கேட்பது எங்களையும்தான். எரிப்பதற்குப் பெற்றோல் வேண்டும் என்பதால் பெற்றோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. கேனில் கொடுக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வாகனம் என்றால் தூரத்தைக் கேட்டு, லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்டு, அளந்து ஊற்றி, ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்தில் துவக்கோடு ஒரு ஆமிக்காரன் நிற்பான்.

அந்தக் கேள்வி வந்தபோது நான் முன்சீட்டில் இருந்தேன். அம்மா பின்னால் சாய்ந்திருந்தார், கண் விழித்தபடி.

"கண்டிக்குப் போய் வரவா? லீற்றருக்கு எவ்வளவு ஓடும் நோனா?" செட்காரர் சிங்களத்தில் கேட்டார்.

பெரியம்மா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார்.

"பதினாலு."

நாலு லீற்றர் ஊற்றினார்கள். துண்டில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். அடுத்த நாட்களிலும் அதே நாலுதான். முதல் இரண்டு நாள் டாங்க்கில் பழையது மிச்சம் இருந்ததால் ஓடியது. போகும்போது பலகடுவை ஏற்றத்தை ஏறி, அந்தப் பக்கம் இறங்கும்போது எஞ்சினை நிறுத்தினார். திரும்பும்போது ஏற்றத்தை ஏறி, மாத்தளைப் பக்கம் இறங்கும்போது நிறுத்தினார். வீதியில் போகிறவர்கள் சத்தமில்லாமல் வரும் காரைக் கண்டு துள்ளி விலகினார்கள்.

மூன்றாம் நாள், கண்டியிலிருந்து வரும்போது, பலகடுவை உச்சிக்கு இன்னும் ஒரு வளைவு இருக்கையில் எஞ்சின் இருமியது. இன்னொரு தடவை இருமி நின்றுவிட்டது. அந்த வளைவைத் தாண்டியிருந்தால் வீடு வரைக்கும் உருண்டே வந்திருக்கலாம். நானும் பெரியம்மாவும் இறங்கித் தள்ளினோம். அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மாவும் இறங்கி வந்து, எனக்குப் பக்கத்தில் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் கையில் ஒரு துணியைத் தூக்கவும் பலம் இல்லை.

அப்போதுதான் ஆமி ட்ரக் வந்தது. இறங்கியவர்களுக்குத் தலைவன் ஒரு இளம் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினான். என்ன நடந்தது என்று கேட்டான், துண்டை வாங்கிப் பார்த்தான். பிறகு அவன் முகம் மாறியது.

"இன்று காலை நாலு லீற்றர் ஊற்றியிருக்கிறீர்கள். பதினாலு ஓடும் என்று எழுதியிருக்கிறது. ஐம்பத்தாறு கிலோமீற்றருக்குப் போதும். இன்னும் வீட்டுக்கே போய்ச் சேரவில்லை. மிச்சப் பெற்றோல் எங்கே?"

பெரியம்மா அவன் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருக்குக் கொடுத்தீர்கள்?"

டிக்கியைத் திறக்கச் சொன்னான். இரண்டு பேர் கேன் இருக்கிறதா என்று சாக்குகளைக் கிளறினார்கள். கராம்பு ரோட்டில் கொட்டியது. அந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்கள் வீடு திரும்பவில்லை. அம்மா காரில் சாய்ந்து நின்றபடி, நல்ல சிங்களத்தில், "மஹத்தயா, நாங்க ஆஸ்பத்திரிக்கு மட்டுந்தான் போனோம், இந்த அக்கா பொய் சொல்றவங்க இல்ல" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் பெரியம்மாவின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

"பொய்தான் மஹத்தயா" என்றார். "பதினாலு ஓடாது. ஆறுதான் ஓடும்."

"இப்போது ஆறா?"

"ஆறு. டவுனுக்குள்ள அஞ்சு. இறக்கத்துல நிப்பாட்டிப் போனா ஏழு. என் புருஷன் ஓட்டினப்ப நாலுதான். ஒரு நாளும் பதினாலு ஓடினதில்ல. ஜப்பான்ல சமதரையில ஓட்டிப் பாத்து எழுதினது அது. ஏற்றத்துல டர்போ இழுக்கும்போது ஊத்த ஊத்தப் போகும். ஒரு நாள் கண்டிக்குப் போய் வர எட்டுக்கு மேல வேணும் மஹத்தயா." அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். இத்தனை வருடம் அடக்கி வைத்த கணக்கு முழுவதும் அந்த ரோட்டில் வெளியே வந்தது. எந்த ஏற்றத்துக்கு எவ்வளவு, எத்தனை பேர் ஏறினால் எவ்வளவு கூட என்பது வரை அவருக்கு மனப்பாடம்.

அதிகாரி டாஷில் பெற்றோல் முள்ளைப் பார்த்தான், முன்மூடியிலிருந்த ஓட்டையைப் பார்த்தான், அம்மாவின் ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்தான். நம்பிவிட்டான் என்பது தெரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"அப்படியென்றால் செட்டில் ஏன் பதினாலு என்றீர்கள்? ஆறு என்றிருந்தால் எட்டு ஒன்பது ஊற்றியிருப்பார்களே!"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். "பின்னால இவ இருந்தா மஹத்தயா. நிசத்தைச் சொன்னா அவ்வளவுக்கும் காசு வச்சிருவா. இல்லாட்டி வரவே மாட்டா."

ஒரு ஆமிக்காரன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, வீட்டில் ஒரு அசட்டு மாமியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புத்தான். அவர்களே காரை வளைவைத் தாண்டித் தள்ளிவிட்டார்கள். உயிர் தப்பியதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அந்தச் சிரிப்பில் உடம்பு கூசியது. கார் சத்தமில்லாமல் உருண்டது. முன்தட்டில் அம்மாவின் கைக்குட்டை முடிச்சு, காலையில் வைத்தபடியே இருந்தது.

இறங்கும்போது அம்மா பெரியம்மாவைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இத்தனை நாளா பிச்சையில போய் வந்திருக்கேன்" என்றார்.

"அம்மா, அவங்க நல்ல மனசுலதானே…"

"நல்ல மனசுதான். யாரு இல்லைன்னா? நான் மகாராணி மாதிரி நாலு லீற்றரத் தூக்கி வச்சேன் பாரு, அதுதான் தாங்கல."

அடுத்த நாள் காலை வழக்கமான நேரத்துக்குக் கார் எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. எங்கிருந்து பெற்றோல் பிடித்தார் என்று தெரியாது. எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தார். அம்மா எழும்பவில்லை. தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடியது. பதினாலின் கதை இரவே எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. யாரும் வெளியே வரவில்லை, வர முகம் இல்லை.

"போய் அத நிப்பாட்டச் சொல்லு. சும்மா எரியுது" என்றார் அம்மா.

நான் போய்ச் சொன்னேன். பெரியம்மா சாவியைத் திருப்பினார். இறங்கி வீட்டுக்குள் போனார். அன்றிலிருந்து தெருவில் ஒருவரும் அவரிடம் கார் கேட்கவில்லை. பஸ் தரிப்பில் அவர் நிறுத்தினாலும், "இல்ல, இல்ல, பஸ் வருது" என்று எல்லோரும் விலகினார்கள். வருடக்கணக்காக ஏறி உட்கார்ந்தவர்களுக்குத் திடீரென்று மானம் வந்துவிட்டது. அந்த மானத்துக்கு விலை கொடுத்தது அவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் தனியாக, பின்சீட்டு வெறுமையாக, ஓட்டிக்கொண்டு போவதைக் கதவிடுக்கால் பார்த்தேன். அவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

காரைத் திருப்பி அனுப்பிய அன்றே நாங்கள் பஸ்ஸில் போனோம். எரித்தது போக மிஞ்சிய சில பஸ்கள்தான் ஓடின, அதுவும் நெரிசல். மாத்தளை ஸ்டான்டில் சீட்டுப் பிடிப்பது என்றால் சண்டை பிடிக்க வேண்டும். பஸ் நிற்கும் முன்னே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையோ குடையோ எறிந்து இடம் பிடிப்பார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. முதல் நாள் அம்மா அலவத்துகொடை வரை நின்றார். இரண்டாம் நாள் அக்குறணையில் மயங்கி, யாரோ ஒருவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு, "இனிப் போகல. எது நடந்தாலும் நடக்கட்டும்" என்றார். டொக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். கடைசியில், "நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாங்க, அதுக்கு மேல நான் கேக்கல" என்று கெஞ்சி, விடிகிற நேரத்தில் ஸ்டான்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கண்டி பஸ் ஏற்கனவே நிறைந்திருந்தது. நடைபாதையில் ஆட்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், போய்விடுவோம் என்பது போல.

"புள்ள! இங்க, இங்க!"

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை ஆடியது. பெரியம்மா. ஒரு சீட்டில் தான் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் தன் கைப்பையை வைத்து, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்புத் தோளில் கிழிந்திருந்தது. ஒரு தடித்த மனுசன் அவர் தலைக்கு மேல் நின்று சிங்களத்தில் திட்டிக்கொண்டிருந்தான். அவர் காதில் வாங்கவே இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் கீழேயே நின்றார். ஏற மாட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பெரியம்மா பையை எடுத்தார். அம்மா உட்கார்ந்தார். இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார்கள், நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொண்டக்டர் வந்தான். பெரியம்மாவின் கை பழக்கதோஷத்தில் கைப்பைக்குள் போனது. அம்மா அந்தக் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்தார்.

"மூணு கண்டி" என்றார் அம்மா.

"அதெல்லாம் எதுக்கு…" பெரியம்மா தொடங்கினார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நீட்டிய டிக்கெட்டை வாங்கினார். வாங்கும்போது அவர் காது சிவந்துவிட்டது. இவ்வளவு பேரை ஏற்றி இறக்கிய மனுசிக்கு, ஒருவர் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டை எப்படிப் பிடித்திருப்பது என்று தெரியவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பலகடுவை ஏற்றம் முடிந்து பஸ் இறங்கத் தொடங்கிய பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார்.

"அக்கா, நாளைக்கும் இப்பிடி எடம் புடிச்சுத் தருவீங்களா?"

அவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதிலென்ன, சும்மாதானே, கொஞ்சந்தான் வேலை. பெரியம்மா வெளியே பார்த்தபடியே இருந்தார்.

"இருட்டோட எழும்பி நடந்து வரணும் புள்ள" என்றார் மெல்ல. "இடிபடணும். ஏச்சு வாங்கணும். எனக்கு இடுப்பு விட்டுப்போயிருச்சு. ரொம்பக் கஷ்டந்தான்." அம்மா பக்கம் திரும்பாமலே சொன்னார். "வர்றேன்."